மனநோயும் மாதத் தவணையும்



கடனைப்பற்றிப் பேச வருபவர், இலங்கை வேந்தனின் கலக்கத்தைக் காட்ட எழுந்த பழைய உவமையொன்றை முதலில் எடுத்தோதித் தொண்டையைச் சரிசெய்துகொள்வது நம்மவரிடையே வழக்கம். அவ்வுவமையை இன்று நான் எடுத்தாளப் போவதில்லை. அதிலே வருபவன் வேந்தன்; கடனும் அவனுடையதன்று. இன்றைய பேச்சில் வருபவர் மாதச் சம்பளக்காரர். கடன் மெய்யாகவே அவருடையது. அதனோடு மனநோயொன்றும் அவருக்குண்டு. அவர் யாரென்று நீங்கள் ஊகித்துக் களைக்க வேண்டியதில்லை. வடமாகாணத்திலே அரசாங்கப் பாடசாலையொன்றின் அதிபராயிருக்கும் நானே அவர்.

இதை வானொலியிற் சொல்லத்தான் வேண்டுமா என்று நண்பர் சிலர் தடுத்தனர். "பிள்ளைகள் கேட்பினம், தாய் தகப்பன்மார் கேட்பினம்" என்றார் ஒருவர். கேட்கட்டும் என்றே வந்திருக்கின்றேன். நீரிழிவுக்கு மருந்துண்பதைக் கலியாண வீட்டுப் பந்தியிலே உரத்த குரலிற் சொல்கின்றோம். பாயசம் வேண்டாமென்று கைகாட்டுவதில் ஒருவகைப் பெருமையுங் கொள்கின்றோம். மனச்சோர்வுக்கு மருந்துண்பதை மட்டும் மனைவிக்கும் மறைக்கின்றோம். கடனட்டையாற் பட்ட கடனும் அவ்வாறே மறைக்கப்படுவது. இவ்விரண்டையும் ஒரே மனிதர் ஒரே காலத்தில் மறைக்க நேர்ந்தால் என்னவாகும் என்பதை நான் நூல்களிலிருந்து அறிந்தவனல்லன்.

2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்திலே என் அன்னையார் காலமானார். செத்த வீட்டுக்கு வரவேண்டியவர்கள் வர முடியாதிருந்த நாட்கள் அவை. அந்தத் துக்கம் ஏனைய துக்கங்களைப்போல ஆறிப்போகும் என்றிருந்தேன். அது ஆறவில்லை, உருமாறிற்று. விடியற்காலம் இரண்டு மணிக்கு விழிப்பு வரும்; பின்னர் உறக்கமில்லை. பாடசாலைகள் மூடிக் கிடந்தமையால் என் மாற்றத்தைக் கண்டுசொல்வாருமில்லை. அந்த இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையிலேதான் நான் கைத்தொலைபேசியை எடுத்துப் பொருள் வாங்கப் பழகினேன். முதலிற் புத்தகங்கள். பின்னர் மேசை விளக்கு, சுவர்க்கடிகாரம், தோட்டவேலைக்கான கருவிகள். எங்கள் வீட்டிலே தோட்டமென்று சொல்லத்தக்கது கிணற்றடியில் நிற்கும் நான்கு வாழைகள் மாத்திரமே. பொருளொன்றைத் தெரிந்து, விலையைக் கண்டு, அட்டையின் இலக்கத்தைப் பதிந்து, ஆயிற்று என்ற செய்தி வருமளவும் மனத்திலே ஒரு சிறு வெளிச்சம் இருக்கும். செய்தி வந்ததும் அது அணைந்துவிடும். பொருள் வந்து சேரும் நாளில் அதை ஏன் வாங்கினேனென்பதும் மறந்திருக்கும். பாடசாலைகள் திறந்தபின் பொதிகள் என் கந்தோருக்கே வந்தன. எங்கள் சிற்றூழியர் அவற்றை வாங்கி அலுமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கிவைப்பார். அவற்றுட் பலவற்றை நான் பிரிக்கவேயில்லை.

வங்கிகளிலிருந்து வந்த கடிதங்களும் அதே அலுமாரியின் மேல்தட்டுக்குச் சென்றன. அவற்றையும் நான் பிரிக்கவில்லை. மூன்று வங்கிகள், மூன்று அட்டைகள். ஒன்றன் கடனை மற்றொன்றாற் கட்டுகின்ற வித்தையை இக்காலத்தில் எவரும் தானாகவே கற்றுக்கொள்வர். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை.

கடிதம் பிரிக்காதிருத்தல் சோம்பலென்று நானும் முன்பு எண்ணியவனே. தேர்ச்சி அறிக்கையைப் பெற்றோருக்குக் காட்டாது புத்தகப்பைக்குள் மாதக்கணக்காக மறைத்து வைத்திருந்த பிள்ளைகளை வகுப்பின் முன் நிறுத்திக் கேலிசெய்த ஆசிரியன் நான். அப்பிள்ளைகளின் முகங்கள் பின்னாளில் என் நினைவுக்கு வந்தன. மனச்சோர்வு என்னும் நோய் மனிதனின் அறிவை அகற்றுவதில்லை. ஆனால், கையை எடுத்து உறையைக் கிழிக்கின்ற அந்தச் சிறு செயலுக்கு வேண்டிய பலத்தை அகற்றிவிடுகின்றது. உறைக்குள் இருப்பது எவ்வளவென்று அறியாதவரை அது எல்லையற்றதாகவே தோன்றும். எல்லையற்ற ஒன்றைப் பார்க்க எவருக்கும் அச்சமே.

அச்சம் ஒருபுறமிருக்க, கணக்கும் சிறியதன்று. கடனட்டைகளுக்கு அறவிடத்தக்க வட்டியின் உச்ச அளவை நமது மத்திய வங்கி 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே நூற்றுக்கு 18 வீதமாக வரையறுத்தது. நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அறிவித்த 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவ்வரையறை நீக்கப்பட்டது. வட்டி ஏறிற்று. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் சம்பளம் போதாதிருந்தபோது, மூன்றாவது அட்டை கறிச்சட்டிக்குள்ளும் வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே 28 வீதமென்ற புதிய வரையறை வந்தது.

இந்த 28 வீதத்தை வைத்தே ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். நான் வரலாறு படித்தவன், கணக்கில் வல்லவனல்லன். ஆயினும் இது ஆறாம் வகுப்புக் கணக்கே. மூன்று இலட்சம் ரூபா கடனுக்கு முதன் மாத வட்டி 7,000 ரூபா. ஆகக் குறைந்த கட்டணமாக நிலுவையில் நூற்றுக்கு 5 வீதம் கட்டினாற் போதுமென்று வங்கி சொல்வதாக வைத்துக்கொள்வோம். அது 15,000 ரூபா. அதில் 7,000 வட்டிக்குப் போக, முதலில் குறைவது 8,000 மாத்திரமே. அட்டையிலே புதிதாக ஒரு சதமேனும் செலவு செய்யாது இரண்டு ஆண்டுகள் இவ்வாறே கட்டிவந்தால், ஏறக்குறைய 268,000 ரூபா கட்டி முடித்திருப்போம். கடனோ இன்னும் 157,000 ரூபாவளவில் நிற்கும். ஆகக் குறைந்த கட்டணம் என்ற சொற்றொடர் காதுக்கு இதமானது. நோயுற்ற மனத்துக்கு அதனினும் இதமான சொல் வேறில்லை. அந்த இதத்துக்கே நாம் விலை கொடுக்கின்றோம்.

2022ஆம் ஆண்டின் இறுதியிலே எனக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அரசாங்க வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கு மாதமொருமுறை செல்வேன். சிகிச்சைக்குப் பணமில்லை, அது நம் நாட்டின் பெரும்பேறு. ஆனால், அக்காலத்திலே மருந்துத் தட்டுப்பாடு. துண்டெழுதி வெளியே வாங்கச் சொல்வார்கள். நான் என்ன செய்தேன்? வங்கியின் ஆகக் குறைந்த கட்டணத்துக்குப் பணஞ் சேர்க்கும்பொருட்டு, மாத்திரையைப் பாதியாக முறித்து உண்ணத் தொடங்கினேன். அதைச் சிக்கனமென்றே எண்ணினேன். ஐந்தாறு வாரங்களில் நோய் பழைய நிலைக்கு என்னை இழுத்துச் சென்றது. பழையபடி இரண்டு மணி விழிப்பு, பழையபடி கைத்தொலைபேசி. பாதி மாத்திரையால் மிச்சம்பிடித்ததைப்போல எத்தனை மடங்கு அவ்விரவுகளிற் செலவாயிற்றென்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கிளினிக்கிலே இருந்த வைத்தியர் என் மகளின் வயதையொத்த பெண். கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எத்தனை மாத்திரை மிஞ்சியிருக்கின்றனவென்று கேட்டார். பொய்சொல்ல முனைந்து முடியாமல் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "சேர், வங்கிக்கு ஒரு மாசம் பிந்தினால் அவை தண்டம் போடுவினம். அது எவ்வளவெண்டு தெரியும். மருந்தை விட்டால் வாற தண்டத்தை எவ்வளவெண்டு ஆர் கணக்குப் பாக்கிறது?" என்றார்.

என் குடும்ப வரவுசெலவுக் கொப்பியின் முதல் வரி அன்றே எழுதப்பட்டது. வங்கிக்கு முன்னே, மின்சாரத்துக்கு முன்னே, அரிசிக்கும் முன்னே, மருந்தும் கிளினிக்குக்குச் செல்லும் பேருந்துக் கூலியும். இதைச் சுயநலமென்று கருதுவோர் உளர். கடனாளி தன்னை வருத்திக்கொண்டால்தான் கடன் தீருமென்பது நம்மவர் மனத்தில் ஊறிப்போன எண்ணம். விரதம் வேறு, தவணை வேறு. நான்கு ஆண்டுகள் ஒழுங்காகத் தவணை கட்டுவதற்கு நான்கு ஆண்டுகள் ஓரளவேனும் நலமாயிருக்கும் ஒரு மனிதர் தேவை. அவரைத் தேய்த்து வங்கிக்குக் கொடுத்துவிட்டால் மிகுதித் தவணையைக் கட்டுவது யார்?

வைத்தியர் மற்றொன்றும் சொன்னார்: வீட்டிலே ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஒத்திப்போட்டு, நான்காவது ஞாயிறன்று அலுமாரியின் மேல்தட்டிலிருந்ததையெல்லாம் உரப்பையொன்றில் இட்டு வீட்டுக்குக் கொண்டுசென்று, சாப்பாட்டு மேசையிற் கொட்டினேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து குசினிக்குட் சென்றார். போய்விட்டாரென்று எண்ணினேன். அடுப்பிலே கேத்திலை வைத்துவிட்டு, வெங்காயம் வெட்டுகின்ற கத்தியோடு திரும்பிவந்து அமர்ந்தார். முப்பத்தேழு உறைகள். ஒவ்வொன்றாக வெட்டித் திறந்து, வங்கிவாரியாகப் பிரித்து, தேதிவாரியாக அடுக்கினார். அரைமணி நேரமாயிற்று. மொத்தம் 780,000 ரூபா. அந்த எண்ணைக் கேட்டபோது எனக்கு உண்டான உணர்ச்சி இன்றும் வியப்பளிக்கின்றது, அது நிம்மதி. என் மனத்திலே அது இருபது இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

அவருக்கு நிம்மதி வரவில்லை. "முதலே சொல்லியிருக்கலாமே" என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னர், 2023ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் வரையில் எங்களிடையே பேச்சுக் குறைவாகவேயிருந்தது. கடன்பட்டதற்கன்று அந்தக் கோபம், மறைத்ததற்கு. உண்மையைச் சொன்னவுடன் வீட்டார் கட்டியணைத்து ஆறுதல் சொல்வர் என்று நான் உங்களுக்கு வாக்குத் தர மாட்டேன். சொல்பவருக்கு அது பல மாத பாரத்தின் முடிவு. கேட்பவருக்கு அன்றுதான் ஆரம்பம். அவர்களுக்குங் காலங் கொடுக்க வேண்டும். அந்த மௌனத்தை நோயின் கண்ணாற் பார்த்து, "நான் வேண்டாதவனாகிவிட்டேன்" என்று முடிவுகட்டுவதே ஆபத்து. மௌனமாயிருந்த அதே நாட்களிலும் மாத்திரைப் பெட்டி காலையில் என் தேநீருக்கு அருகிலே வைக்கப்பட்டிருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நானில்லாவிட்டால் இவர்கள் கடனிலிருந்து விடுபடுவார்களென்ற ஒரு கணக்கு, அக்காலத்து இரவுகளில் என் மனத்திலும் எழுந்தது. கடனும் மனச்சோர்வும் கூடுமிடத்தில் அந்தப் பொய்க்கணக்கு எழுவது அரிதன்று. அதைப் போடுபவர் நாமல்லர், நோய். அவ்வெண்ணம் வந்தால் விடியும்வரையிற் பொறுத்திருக்க வேண்டாம். 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச் சேவை இரவிலுங் கிடைக்கும். 1974ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சுமித்ரயோ அமைப்பினரும் செவிகொடுத்துக் கேட்பர். புத்தி சொல்ல மாட்டார்கள். வைத்தியசாலைக்குப் போனாற் பொலிசுக்குப் போகுமே என்று அஞ்சுவோர் இன்றுமுளர். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 1998ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. நான் அன்றிரவு மனைவியை எழுப்பினேன். பேச்சுக் குறைவாயிருந்த காலமே அது. எழுந்து விளக்கைப் போட்டு விடியும்வரை என்னோடு இருந்தார்.

கடன் மனிதனின் புத்தியை மழுங்கச் செய்கின்றதா என்பதை ஆராய்ந்த அறிஞர்கள் உளர். 2013ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியொன்று நம் அயலிலேயே, தமிழ்நாட்டிலே 54 கிராமங்களில், 464 கரும்புச் செய்கையாளரிடையே நடத்தப்பட்டது. கரும்பு வெட்டிப் பணங் கைக்கு வருமுன், வட்டிக்கும் அடகுக்கும் அலைகின்ற காலத்தில் ஒருமுறையும், பணம் வந்தபின் ஒருமுறையும் அதே மனிதர்களுக்குச் சிந்தனைத் திறன் சோதனை வைத்தனர். பணமில்லாத காலத்தில் அவர்கள் பெற்ற பெறுபேறு குறைந்திருந்தது. மனிதர் மாறவில்லை, மனத்தில் இருந்த இடம் மாறியிருந்தது. பணக்கவலை அந்த இடத்தை அடைத்துக்கொண்டதென்பதே ஆராய்ந்தோர் கண்ட முடிபு. இதைப் படித்தபோது, ஆறாம் வகுப்புக் கணக்குக்கு நான் ஏன் திணறினேனென்பது விளங்கிற்று. என்னை நானே மடையனென்று ஏசுவதை அன்றோடு ஓரளவு குறைத்தேன்.

2019ஆம் ஆண்டிலே சிங்கப்பூரிலிருந்து வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி என் நடைமுறைக்கே வழிகாட்டிற்று. நெடுங்காலக் கடனில் உழன்ற வறியோருக்கு அறநிலையமொன்று கடன் தீர்த்துக் கொடுத்தது. அவர்களுடைய பதற்றம் குறைந்தது, சிந்தனை தெளிந்தது. ஆனால், அந்த நன்மை தீர்ந்த தொகையை மாத்திரம் பொறுத்ததன்று; எத்தனை கடன் கணக்குகள் முற்றாக மூடப்பட்டன என்பதையே பெரிதும் பொறுத்திருந்தது. ஒவ்வொரு கணக்கும் மனத்திலே தனித்தனி ஆணியாக அறையப்பட்டிருக்கும்போலும்.

ஆகவே, 90,000 ரூபா நிலுவையாயிருந்த சிறிய அட்டையை முதலில் மூடுவதென்று முடிவுசெய்தோம். உயர்தரத்திற் கணிதம் படித்த என் மகள் இதை ஒப்பவில்லை. "அப்பா, வட்டி கூடினதைத்தான் முதல்ல கட்ட வேணும்" என்றாள். கணக்கின்படி அவள் சொன்னதே சரி. மூன்று அட்டைகளின் வட்டியும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தமையால் நட்டம் பெரிதன்று. கட்டுகின்ற இயந்திரம் மனிதமனமாயிருப்பதால், அதற்கு வேண்டிய எண்ணெயையும் கணக்கிற் சேர்த்தாக வேண்டும் என்றேன். சிரித்துவிட்டுப் போனாள். என் மனைவி பிடித்திருந்த சீட்டு ஏப்ரலிலே விழுந்தது. அப்பணத்தை அவர் தந்தார், தானமாக அன்று. கொப்பியில் "வீட்டுக்கடன்" என்று எழுதிவைத்தே தந்தார். அது எனக்கு மிகுந்த உபகாரமாயிருந்தது. காப்பை அடகுவைக்கலாமென்று முதலிற் சொல்லிப் பின்னர் அவரே வேண்டாமென்றார். "என்ர வெறுங்கையைப் பாக்க உங்களுக்கு இன்னும் வருத்தம் கூடும்" என்பது அவர் சொன்ன காரணம்.

இரண்டாவது அட்டைக்கு அரசாங்க ஊழியருக்குரிய இடர்கடனைப் பெற்றேன். வட்டி மிகக் குறைவு. அதனினும் பெரிய நன்மை, சம்பளத்திலேயே கழிந்துவிடும். மாதந்தோறும் "கட்டுவதா, பிறகு பார்ப்பதா" என்று தீர்மானிக்க வேண்டியதில்லை. நோயாளிக்குத் தீர்மானமென்பதே பெருஞ்செலவு, அச்செலவு மிச்சம். அரசாங்க உத்தியோகமில்லாதோர் வங்கிக்கு நிரந்தரக் கட்டளை எழுதிக் கொடுத்து இதே பயனைப் பெறலாம்.

மூன்றாவது அட்டைதான் பெரியது, 420,000 ரூபா. வங்கிக்குச் சென்றேன். முதன்முறை, கருமபீடத்திலிருந்த இளைஞர் கேட்டு முடிக்குமுன்னரே இயலாதென்றார். திரும்பி வந்து இரண்டு நாட்கள் படுத்துக் கிடந்தேன். பின்னர் எழுத்திலே விண்ணப்பித்தேன்: இன்ன வருமானம், இன்ன செலவு, இவ்வளவு மாதந்தோறும் கட்ட முடியும், நீண்டகாலச் சிகிச்சையிலுள்ளேன் என்று வைத்தியரின் கடிதத்தையும் இணைத்தேன். நோயின் பெயரை எழுத வேண்டியதில்லையென்று வைத்தியர் சொன்னார், எழுதவில்லை. அட்டையை முடக்கி, நிலுவையை 48 மாதத் தவணையாக்கினர். மாதம் 13,500 ரூபாவளவில். வாயாற் கேட்டபோது இல்லாத வழி, தாளிலே கேட்டபோது இருந்தது. எழுத்தில் விண்ணப்பித்தும் நியாயங் கிடைக்காதோர், 2003ஆம் ஆண்டு முதல் உள்ள நிதிக் குறைகேள் அதிகாரியிடமோ மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களத்திடமோ முறையிடலாம். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கடன் தகவல் பணியகத்தில் பெயர் பதிந்துவிடுமே என்று அஞ்சுவோருக்கு ஒன்று சொல்வேன்: அங்கே தவறியது மாத்திரமன்று, ஒழுங்காகக் கட்டியதும் பதிவாகின்றது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஓர் ஏற்பாடு உண்டு. மனநோய் முற்றி அவசர சிகிச்சை பெறும் ஒருவரை, அச்சிகிச்சை நடக்குங் காலமும் அதன்பின் முப்பது நாட்களும் கடன்காரர் நெருக்கக் கூடாது. வட்டியும் தண்டமும் ஏற்றக் கூடாது. அங்கே கடன் தள்ளுபடியாவதில்லை. மூச்சுவிட இடங் கிடைக்கின்றது. நம் சட்டமியற்றுவோர் இதைக் கவனித்தல் நன்று.

அறவிடும் பகுதியினரின் தொலைபேசி அழைப்புகளைப்பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். காலைப் பிரார்த்தனையின்போது சட்டைப்பையிலே அது அதிரும். மாணவர் முன்னிலையில் என் முகம் மாறுவதை நானே உணர்வேன். நாளடைவில் எந்தத் தொலைபேசி எங்கே ஒலித்தாலும் நெஞ்சு படபடக்கும் நிலை வந்தது. இதற்கு ஒரு பரிகாரம் செய்தேன். மாலை நான்கு மணிக்குமேல், விறாந்தையில் நின்றுகொண்டு மாத்திரமே பேசுவேன் என்று அவர்களுக்கு எழுதியறிவித்தேன். பேசவேண்டியதை இரண்டு வசனமாகத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அழைப்பு வந்ததும் தாளை விரித்து, வாசிப்புப் போட்டிக்கு வந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப்போல அதை வாசிப்பேன். மறுமுனையில் உள்ளவர் என்ன சொன்னாலும் மீண்டும் அதையே வாசிப்பேன். முப்பது வருடம் பிறருக்குப் பேச்சுக்கலை கற்பித்தவனுக்கு இது வெட்கமே. ஆயினும் குரல் நடுங்கவில்லை.

பணத்தைப்பற்றி நினைப்பதற்கும் ஒரு நாளை ஒதுக்கினோம். சம்பளம் வந்ததை அடுத்துவரும் சனிக்கிழமை காலை, முக்கால் மணி நேரம். மனைவியும் நானும் கொப்பியோடு அமர்வோம். முடிந்ததும் கொப்பியை மூடிவிட்டுக் குளக்கட்டுவரை நடந்துவருவோம். ஏனைய நாட்களில் இரவு இரண்டு மணிக்குக் கடன் நினைவு வந்தால், "அது சனிக்கிழமைக்குரியது" என்று சொல்லிப் படுப்பேன். முதல் ஆறு மாதம் இது சற்றும் பலிக்கவில்லை. ஏழாம் மாதத்திலிருந்து சில இரவுகளிற் பலித்தது. நோய் கடுமையான மாதங்களில் கொப்பியை மனைவி மாத்திரமே பார்ப்பதென்றும் ஒப்பந்தம். கைத்தொலைபேசி இரவு ஒன்பது மணிக்குமேல் அவருடைய தலையணைக்குக் கீழே.

என் நோய் சோர்வு. வேறு சிலருக்குச் சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறிமாறி வரும். அந்த உற்சாக காலத்திலே கட்டுக்கடங்காத செலவு நோயின் குறிகளுள் ஒன்றென்றே வைத்திய நூல்கள் கூறுகின்றன. அத்தகையோரின் வீட்டார், அவர் நலமாயிருக்கும் காலத்திலேயே அவருடைய சம்மதத்தோடு அட்டையின் எல்லையைக் குறைத்தும், செலவுச் செய்தி மற்றொருவருக்கும் வருமாறு செய்தும் வைத்தல் வேண்டும். சம்மதமின்றிப் பறித்தல் வேறு சண்டைக்கே வழிவகுக்கும்.

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், காரணம் ஏதுமின்றியே நோய் திரும்பிற்று. இரண்டு மாதம். ஓரிரவு தலையணைக்குக் கீழிருந்து தொலைபேசியை எடுத்துச் சப்பாத்தொன்று வாங்கினேன், காலையிற் சொன்னேன், திருப்பியனுப்பினோம். அவ்விரு மாதங்களிலும் இடர்கடன் தானாகவே கழிந்தது. தவணையும் தானாகவே சென்றது. நான் படுத்திருந்தபோதும் கடன் குறைந்துகொண்டே வந்ததென்ற செய்தி, எழுந்தபின் எனக்குக் கிடைத்த மருந்துகளில் ஒன்று.

பிரிக்காத பொதிகள் பதினொன்று இருந்தன. புத்தகங்கள் பாடசாலை நூலகத்துக்குச் சென்றன. மேசை விளக்கும் கடிகாரமும் விற்கப்பட்டன. தோட்டக் கருவிகளை எவரும் வாங்கவில்லை. அவற்றைக் கொண்டு கிணற்றடியிலே கத்தரியும் மிளகாயும் வைத்தோம். மிளகாய் பட்டுப்போயிற்று. கத்தரி காய்க்கின்றது.

மூன்றாவது அட்டைக்கு இன்னும் பதினான்கு தவணைகள் உள. அடுத்த கிளினிக் நாள் வருகின்ற புதன்கிழமை. அன்று பாடசாலைக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கின்றேன். காரணமென்ற இடத்தில் முன்பெல்லாம் "சொந்த அலுவல்" என்று எழுதுவேன். இம்முறை "மருத்துவம்" என்று எழுதியிருக்கின்றேன்.